தந்தை சொன்ன கதை, மகன் வரைந்த கதை



படக்கதை படிப்பது ஒரு படிப்பாகாது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். பூகோளப் புத்தகத்தின் நடுவே படக்கதையை ஒளித்து வைத்துப் படித்து, ஆசிரியரிடம் அகப்பட்டுக்கொண்டு, பெஞ்சின் மேல் ஏறி நின்றதும் உண்டு. ஆகவே, ஒரு கதையைப் படங்களாக்குவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் பாடுபட்ட ஒருவரைப் பற்றிப் பேச எனக்கு ஓரளவு உரிமை உண்டென்று கருதுகிறேன்.

அவர் பெயர் ஆர்ட் ஸ்பீகல்மன், அமெரிக்க ஓவியர். அவருடைய சித்திர நாவலின் பெயர் ‘மௌஸ்’. ஜெர்மன் மொழியில் அதற்கு எலி என்பது பொருள். அவருடைய பெற்றோர் போலந்து நாட்டு யூதர்கள். ஹிட்லரின் ஆட்சி அமைத்த ஆஷ்விட்ஸ் கொலைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர்கள். முதல் மகனைப் போரில் பறிகொடுத்த அவர்களுக்கு, போர் முடிந்தபின், 1948-ல் பிறந்தவர் இவர்.

1972-ல் தந்தை விளாடெக் சொன்னவற்றைக் கொண்டு மூன்றே பக்கங்களில் ஒரு படக்கதை வரைந்தார். அதில் யூதர்கள் எலிகள்; நாஜிகள் பூனைகள். யூதர்கள் மனிதரே அல்லர், ஒழிக்கவேண்டிய எலிகள் என்று நாஜிகள் பிரசாரம் செய்தார்கள் அல்லவா? அந்த வசைமொழியையே ஓவியர் கையில் எடுத்துக்கொண்டார். எலியின் முகத்துக்குள்ளே அச்சத்தையும் அன்பையும் பசியையும் காட்டி, இவர்களா மனிதரல்லர் என்று நம்மையே கேட்கச் செய்தார்.

மூன்று பக்கம் போதவில்லை. 1978-ல் முழு நூலாக எழுதத் தொடங்கினார். தந்தையின் எதிரே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் கேட்டார். இங்கேதான் படம் வரைகிறவனுடைய கஷ்டம் ஆரம்பமாகிறது. “ஒரு மறைவிடத்தில் ஒளிந்திருந்தோம்” என்று எழுத ஒரு வரி போதும். வரைவதற்கோ, வாயில் எங்கே இருந்தது, கூரை எவ்வளவு உயரம், உள்ளே போகிறவன் குனிந்து போனானா, தவழ்ந்து போனானா என்பதெல்லாம் தெரிய வேண்டும். தந்தையே பென்சிலை வாங்கி, தாம் ஒளிந்திருந்த இடத்தின் அமைப்பை வரைந்து காட்டுகிறார். அந்தக் காட்சியும் நூலில் இடம்பெறுகிறது.

தந்தையின் நினைவும் சரித்திரமும் ஒத்துப்போகாத இடமும் உண்டு. கைதிகள் வேலைக்குப் புறப்படும்போது ஆஷ்விட்ஸ் வாயிலில் வாத்தியக் குழு ஒன்று இசைத்தது என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. மகன் அதைக் கேட்டபோது, அப்படி ஒன்றும் தமக்கு நினைவில்லை, நடந்து சென்றது மாத்திரமே நினைவிருக்கிறது என்கிறார் தந்தை. யாரை நம்புவது? ஓவியர் முதலில் வாத்தியக் குழுவை வரைந்தார். தந்தை மறுத்தபின் வரும் சித்திரத்தில், அணிவகுத்துச் செல்லும் கைதிகள் அந்தக் குழுவை மறைத்துவிடுகிறார்கள். வாத்தியங்களின் ஓரங்கள் மாத்திரம் சற்றே தெரிகின்றன. சரித்திரத்தையும் அவர் கைவிடவில்லை, தந்தையையும் பொய்யராக்கவில்லை. நூற்றுக்கணக்கான படங்களில் இந்த ஒன்றை நான் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

1980 முதல், தாமும் தம் மனைவி பிரான்சுவாஸ் மூலியும் நடத்திய ‘ரா’ என்ற பத்திரிகையில் அதிகாரம் அதிகாரமாக வெளியிட்டார். அச்சில் வரும் அளவிலேயே, சாதாரணத் தாளில், மை ஊற்றும் பேனாவால் வரைந்தார். ஒரு மகன் எழுதிய கடிதத்தைப் படிப்பதுபோல் அது நமக்குத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமென்று நினைக்கிறேன். 1982-ல் தந்தை இறந்தார். முதற்பாகம் நூலாக வெளிவந்தது 1986-ல். தந்தை அதைப் பார்க்கவில்லை. நூல் புகழ் பெற்றது. ஆனால் இரண்டாம் பாகத்தில் ஓவியர் தம்மை எப்படி வரைந்திருக்கிறார் தெரியுமா? பிணக்குவியலின் மேல் மேஜை போட்டு அமர்ந்திருப்பவராக! இறந்தோரின் துன்பத்தால் தமக்குப் புகழ் வந்ததே என்ற கூச்சம் அது. இரண்டாம் பாகம் 1991-ல் முடிந்தது. மறு ஆண்டே சிறப்புப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

இவ்வளவு உழைப்பாலும் மீட்க முடியாத ஒன்று உண்டு. தாய் ஆன்யா, தம் மகன் ஒரு நாள் படிப்பான் என்ற ஆசையோடு தம் அனுபவங்களை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார். 1968-ல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். துயரம் தாங்காத தந்தை, அந்த நோட்டுகளை எரித்துவிட்டார். இதை அறிந்த மகன் தந்தையைக் கொலைகாரன் என்றே ஏசுகிறார். அதையும் மறைக்காமல் வரைந்திருக்கிறார். தாயின் கதையைத் தாமே கற்பித்து எழுதியிருந்தால் யார் தடுத்திருப்பார்கள்? அவர் அப்படிச் செய்யவில்லை. நூலில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது.

நண்பர்களே, பதின்மூன்று ஆண்டுகள் கை மெதுவாக ஓடியதால் கழிந்தவை அல்ல. அறிந்ததை மட்டும் வரைய வேண்டும், அறியாததை அறிந்ததுபோல் காட்டக் கூடாது என்ற நேர்மைக்கு அவர் கொடுத்த விலை அது. உங்கள் வீட்டுத் திண்ணையிலும் கதை சொல்லும் முதியவர் ஒருவர் இருக்கலாம். அடுத்த முறை அவர் தொடங்கும்போது, “தாத்தா, அந்த வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம்?” என்று கேட்டுப் பாருங்கள். பதிலை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.