இரண்டு மலை, நடுவில் சூரியன்

(வடாலாவில் நடந்த நம் சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விஞ்ஞானம் பற்றி ஏதாவது பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்து, 35 வருஷம் சர்க்கார் கோப்புகளைப் புரட்டி ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்த விஞ்ஞானத்தை இந்த மேடையில் நீங்கள் ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டாகிவிட்டது. ஆகவே இன்று வேறு விஷயம். ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளுக்குச் சித்திரமும் டிசைனும் சொல்லிக் கொடுப்பது பற்றி. இதில் எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றும் கிடையாது. நான் செய்த ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஆரம்பப் பள்ளியில் வாரம் ஒரு பீரியட் எடுப்பதாக ஒப்புக்கொண்டேன். கணக்கு சொல்லிக் கொடுக்கலாம் என்றுதான் போனேன். தலைமை ஆசிரியை, "கணக்குக்கு டீச்சர் இருக்காங்க சார், டிராயிங் பீரியடுக்குத்தான் ஆள் இல்லை" என்றார். மூன்றாம் வகுப்பு, 38 குழந்தைகள். ஆண்டாப் ஹில்லிலிருந்தும் தாராவியிலிருந்தும் வருகிறவர்கள். பாதிக்கு மேல் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், அதுவும் நல்ல திருநெல்வேலித் தமிழ்.

முதல் நாள் கரும்பலகையில் நான் என்ன வரைந்தேன் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், வளைந்து வரும் ஓர் ஆறு, ஓலைக் குடிசை, தென்னை மரம், நாலு பறவை. "இதைப் பார்த்து வரையுங்கள்" என்றேன். வடாலாவில் எந்தக் குழந்தை இரண்டு மலைக்கு நடுவே சூரியன் வந்து பார்த்திருக்கிறது? அது அன்று எனக்குத் தோன்றவில்லை.

37 பேர் வரைந்தார்கள். ஒரு பெண் மட்டும் போர்டைப் பார்க்கவே இல்லை. தாள் முழுக்க ஓர் அறை போட்டிருந்தாள். அடுப்பு, பரணுக்குப் போகும் ஏணி, பரணில் படுத்திருக்கும் தாத்தா, வாசலில் நீல டிரம், அதன் பக்கத்தில் வரிசையாகக் குடங்கள். சுவரே இல்லாத மாதிரி உள்ளேயும் வெளியேயும் ஒரே சமயத்தில் தெரிந்தது. குடங்கள் எல்லாம் தரையில் படுத்துக் கிடந்தன. நான் சிவப்பு மையில், "போர்டைப் பார்த்து வரையவும்" என்று குறிப்பு எழுதினேன். கோப்பில் நோட் போட்டுப் போட்டுப் பழகிய கை. அடுத்த வாரம் அவளும் இரண்டு மலை வரைந்துகொண்டு வந்தாள். சூரியனுக்குக் கண், மூக்குகூட வைத்திருந்தாள், என்னைத் திருப்திப்படுத்த.

அது என்னவோ உறுத்தியது. புஸ்தகங்களைத் தேடிப் படித்தேன். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆசிரியராக இருந்த விக்டர் லோவன்ஃபெல்ட் என்பவர் 1947-ல் குழந்தைகளின் சித்திரம் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். ஏழு முதல் ஒன்பது வயது வரை ஒரு கட்டம் என்கிறார். அந்த வயதில் குழந்தை கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது. வீட்டுக்குள் தாத்தா இருப்பது தெரியும், ஆகவே சுவர் மறைக்காது. எக்ஸ்ரே படம் மாதிரி. ஒவ்வொரு பொருளையும் அது நன்றாகத் தெரியும் பக்கத்திலிருந்து காட்டும், ஆகவே குடம் படுத்துக்கொள்ளும். நான் சிவப்பு மை போட்டது தப்பான படத்துக்கு அல்ல. எட்டு வயதுக் குழந்தைக்கு என்ன வரவேண்டுமோ அது அப்படியே வந்திருந்த படத்துக்கு.

அவளைக் கூப்பிட்டு, "உங்க வீட்டை மறுபடியும் வரைஞ்சு காட்டறியா?" என்று கேட்டேன். "மலையோடவா சார், மலை இல்லாமயா?" என்றாள்.

நானும் மலை வரைந்து வளர்ந்தவன்தான். எங்கள் காலத்து டிராயிங் மாஸ்டர் மேஜையில் ஒரு கத்தரிக்காயை வைப்பார். அது அப்படியே தாளில் வரவேண்டும், காம்பு கோணினால் பிரம்பு. இந்த முறைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1850-ல் சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் ஓவியப் பள்ளி ஆரம்பித்தார். இங்கே நம் பம்பாயில் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் கொடுத்த நன்கொடையில் 1857-ல் ஜே.ஜே. கலைப் பள்ளி வந்தது. பிழையில்லாமல் பார்த்து வரையும் கைகளும் தேர்ந்த கைவினைஞர்களும் வேண்டும் என்பது அந்தக் காலத்துத் தேவை. மகாராஷ்டிராவில் உயர்நிலை வகுப்புக் குழந்தைகள் எழுதும் எலிமென்டரி, இன்டர்மீடியட் கிரேடு டிராயிங் பரீட்சைகளில் இன்றும் பொருளைப் பார்த்து வரைதல், நினைவிலிருந்து வரைதல், டிசைன், ஜியோமிதி எல்லாம் உண்டு. நல்ல பரீட்சைகள். என் பெண்ணும் இரண்டையும் எழுதினாள். ஆனால் பதின்மூன்று வயதுக்குப் பொருந்துவதை ஏழு வயதில் திணிக்கிறோமே, அங்கேதான் கோளாறு.

வேறு வழி பார்த்தவர்களும் நம் தேசத்தில் இருந்திருக்கிறார்கள். 1937-ல் வார்தாவில் காந்திஜி ஆதாரக் கல்வியை முன்வைத்தார். அந்த சேவாகிராமப் பள்ளியில் 1944 முதல் ஓவிய ஆசிரியராக இருந்தவர் தேவி பிரசாத், சாந்திநிகேதனில் நந்தலால் போஸின் மாணவர். குழந்தையின் சித்திரத்தைப் பெரியவர்கள் திருத்தக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார்.

சரி, சர்க்கார் என்ன சொல்கிறது? பழக்கதோஷம், சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் படியுங்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, நூறு குழந்தைகளுக்கு மேல் இருந்தால், கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை அப்படி ஒரு வரி கிடையாது. 2005-ன் தேசியக் கலைத்திட்டமும் 2020-ன் கல்விக் கொள்கையும் கலையைப் பற்றி அழகாகப் பேசுகின்றன. ஆனால் எந்த வயதில் குழந்தை கேட்காமலே வரைகிறதோ அந்த வயதுக்குத் தனி ஆசிரியர் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வகுப்பு டீச்சர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவருக்கோ பாடம் முடியவில்லை, டிராயிங் பீரியட் கணக்குக்குப் போய்விடுகிறது. ஆகவே என்னைப் போன்ற பென்ஷன்காரர்களுக்கும் நம் மாமிகளுக்கும் இங்கே வேலை இருக்கிறது.

மாமிகள் என்றதும் கோலம். எங்கள் கட்டிடத்து மாமி ஒருவரை, குழந்தைகளுக்குப் புள்ளிக் கோலம் சொல்லித்தர அழைத்துப் போனேன். மாமி நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்று விளக்கி முடிப்பதற்குள் பின் பெஞ்சில் ஒரு பெண் ஏழு புள்ளிச் சிக்குக் கோலத்தைப் போட்டு முடித்துவிட்டாள். அவள் அம்மா தினமும் வாசலில், அந்த ஒண்டுச் சந்தில், போடுகிறாளாம். யார் யாருக்குச் சொல்லிக் கொடுக்கப் போனோம் என்று மாமி வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். பிசிக்ஸ்காரனாக ஒன்று சொல்கிறேன். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனும் கோலத்துக்குள் இருக்கும் இலக்கணத்தைக் கம்ப்யூட்டர் விஞ்ஞானக் கட்டுரையாகவே 1974-ல் எழுதினார்கள். சமச்சீர், திரும்பத் திரும்ப வருதல், சுழற்சி என்று டிசைன் பாடத்தில் சொல்வதெல்லாம் வாசலில் கிடக்கிறது.

ஆனால் டிசைன் என்றால் அலங்காரம் மட்டும் இல்லை. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதியர் 1958-ல் நம் சர்க்காருக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961-ல் பிறக்க அதுதான் வித்து. அதில் அவர்கள் கொண்டாடுவது நம் சாதாரணச் சொம்பை! எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், தலையில் வைப்பதா இடுப்பில் வைப்பதா, ஊற்றும்போது எப்படி விழ வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போகிறார்கள். ஒரு பித்தளைச் சொம்பை வகுப்புக்கு எடுத்துப் போய், "கழுத்து ஏன் ஒடுங்கியிருக்கிறது?" என்று கேட்டேன். "தண்ணி தளும்பாம இருக்க", "விரல் பிடிக்க", "கயிறு கட்ட" என்று மூன்று பதில் உடனே வந்தது. கயிறு எனக்குத் தோன்றவில்லை.

2018-ல் மகாராஷ்டிராவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. அந்த வருஷம் குழந்தைகளிடம், "பழைய பேப்பரில் ஒரு பை செய்யுங்கள். அரை கிலோ உருளைக்கிழங்கோடு வகுப்பிலிருந்து கேட் வரை போகவேண்டும்" என்றேன். முதல் நாள் ஒரு பையும் கேட்டை எட்டவில்லை. வராந்தா முழுக்க உருளைக்கிழங்கு. அடி பிய்ந்தது, காது அறுந்தது. நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை, வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அதுதான் சிரமம். இரண்டாம் வாரம் ஒருவன் பேல்பூரிக்காரர் சுருட்டும் கூம்பைக் கொண்டுவந்தான், அதற்கு அடியே கிடையாதே என்று. இன்னொருவன், பேப்பரை ஒரு திசையில் கிழித்தால் நேராகவும் மறுதிசையில் கோணலாகவும் போவதைக் கண்டுபிடித்தான். காகிதம் செய்யும் மெஷின் ஓடும் திசையில்தான் நார்கள் பெரும்பாலும் படுத்திருக்கும், அதனால் அப்படி. அந்தப் பெயரையெல்லாம் நான் சொல்லவில்லை. அவன் நார் போகும் பக்கம் பார்த்து, இரண்டு தாளைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து மைதா பசையில் ஒட்டினான். மூன்றாம் வாரம் ஒன்பது பைகள் கேட்டைத் தாண்டின. பைகளின் மேல் பூ வரையட்டுமா என்று கேட்டார்கள். அப்போதுதான் வரையச் சொன்னேன்.

தாராவி கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்களிடம் மண் வாங்கி வந்து ஒரு மாதம் பிசைந்தோம். அதைத் தனியாக இன்னொரு நாள் சொல்கிறேன்.

இப்போது நம் வீட்டு விஷயம். நம் சங்கத்தில் வருஷா வருஷம் சிறுவர் ஓவியப் போட்டி நடத்துகிறோம். சின்னப் பிரிவுக்கு அச்சடித்த படத்தைக் கொடுத்து வர்ணம் தீட்டச் சொல்கிறோம். கோட்டைத் தாண்டாதவனுக்கு முதல் பரிசு. அம்மாக்கள் பின்னாலிருந்து "வானத்துக்கு ப்ளூ, ப்ளூ" என்று கிசுகிசுப்பது நடுவர் மேஜைக்கே கேட்கும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், இரண்டு வருஷம் நடுவராக இருந்தவன் நான். பெரிய பிரிவில் ஒரு தடவை நான் முதல் பரிசு கொடுத்தது எந்தப் படத்துக்கு என்று கேட்காதீர்கள். இரண்டு மலைதான்.

நிர்வாகக் குழுவுக்கு என் வேண்டுகோள் இது. பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வெறும் தாள் கொடுங்கள். முதல், இரண்டாவது வேண்டாம். வரைந்த எல்லாப் படத்தையும் ஹாலில் ஒட்டுங்கள். பெற்றோர் வெளியில் காபி சாப்பிடட்டும்.

பேசி முடித்ததும் ஒரு நண்பர், "பரிசு இல்லைன்னா குழந்தைகளை யார் ஓய் அழைச்சிண்டு வருவா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. முதல் வருஷம் கூட்டம் பாதியாகக் குறையும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்றேன். குழு யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறது.

என் வகுப்பு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. பழைய பேப்பர் என்னிடம் நிறைய இருக்கிறது. மைதா பசை காய்ச்ச ஆள் வேண்டும், நான் காய்ச்சினால் கட்டி கட்டியாக வருகிறது.