வீட்டுப் பிரசவமும் பயிற்சி மாணவிகளும்

(குண்டூர் நாடு மகளிர் குழுக் கூட்டத்தில் பேசியது)



2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேல் ஆஸ்பத்திரிப் பிரசவம்தான். நல்ல விஷயம். ஆனா, நர்சிங் படிக்கிற பிள்ளைங்க வீட்டுப் பிரசவத்தைப் பார்ப்பது அரிதாகிவிட்டது.

நாம இருப்பது கொல்லிமலை. கீழே இறங்க 70 கொண்டை ஊசி வளைவு. வண்டி வருவதற்குள் குழந்தை பிறந்துட்டா? கை, படுக்கை, பிளேடு, நூல், தொப்புள்கொடி என ஐந்து சுத்தமும் தெரிந்தவர் பக்கத்தில் வேணும். குழந்தையைத் துடைத்து உடனே தாயின் மார்போடு அணைத்து வைக்கணும்.

எனவே, பயிற்சிக்கு வரும் மாணவிகளைக் கிராம சுகாதாரச் செவிலியரோடு நம்ம வீடுகளுக்கும் அனுப்பக் கேட்போம். முன்பு பிரசவம் பார்த்த பாட்டிமார் தங்கள் அனுபவத்தைச் சொல்லட்டும். நாள் நெருங்கிய கர்ப்பிணியை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்ப்பது நம் குழுக்களின் பொறுப்பு.