மந்திரத்தைத் தடுக்கும் பகடை



மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் எனப் பல பக்கங்களிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். சிறுவயதில் திண்ணையில் தாயம் ஆடியவர்கள் நம்மில் பலர். அதில் பெருக்கல் குறி போட்ட கட்டம் மலை. மலையில் இருக்கும் காயை வெட்ட முடியாது, இறங்கினால் வெட்டலாம். அங்கே பாதுகாப்பு முழுமையாக உண்டு அல்லது அறவே இல்லை. நிகழ்தகவு மொழியில் 1 அல்லது 0.

இவற்றுக்கு இடைப்பட்ட பாதுகாப்பைக் காட்டும் ஆட்டமும் உண்டு. 1974-இல் அமெரிக்காவில் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதை வளர்க்கும் ஆட்டம். அதில் மந்திரவாதி ஏவும் மந்திரம் சில பூதங்களிடம் எளிதில் பலிக்காது. இந்தத் தடுப்பாற்றல் முதலில் சதவீதமாக இருந்தது. 1970-களின் இறுதியில் வந்த விதிப்படி, 11-ஆம் நிலை மந்திரவாதியிடம் 50 சதவீதம் என்றால், 12-ஆம் நிலையிடம் 45, 10-ஆம் நிலையிடம் 55. 2014 பதிப்பில் வேறு வழி: பூதம் 20 முகப் பகடையை இருமுறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளும்.

தப்பிக்க 11 அல்லது அதற்குமேல் விழவேண்டும் என்க. ஒருமுறை உருட்டினால் வாய்ப்பு 1/2. இருமுறையும் தவறும் வாய்ப்பு 1/2 × 1/2 = 1/4. ஆகவே தப்பும் வாய்ப்பு 3/4. பத்தாம் வகுப்பில் மனப்பாடமாகிப்போகும் நிரப்பு நிகழ்ச்சி இங்கே தேவையாகவே வந்து நிற்கிறது.

சரி, 20 மட்டுமே விழவேண்டும் என்றால்? 1/20 என்பது 39/400 ஆகும். முன்னதில் 25 சதவீதப் புள்ளி கூடியது. இதில் 5-கூட முழுதாகக் கூடவில்லை. ஆனால் மடங்காகப் பார்த்தால் முன்னது ஒன்றரை மடங்கு, இது ஏறத்தாழ இரு மடங்கு. எது பெரிய உதவி? மாணவர்களை வாதிட விடுங்கள்.

20 முகப் பகடை வாங்க வேண்டியதில்லை. 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளும் ஒரு சொம்பும் போதும். எடுத்த சீட்டைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். போடாவிட்டால் அடுத்த முறை 19 சீட்டே இருக்கும், கணக்கு மாறிவிடும். முதல் விதிப்படி 40 ஆட்டம் ஆடினால் ஏறக்குறைய 30-இல் தப்பலாம். ஒவ்வொரு குழுவுக்கும் சரியாக 30 வராது. அந்த விலகலையும் கரும்பலகையில் எழுதுங்கள்.

“எனக்கு ராசியே இல்லை சார்” என்று சொல்லும் பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. ஆட்டத்தில் தொடங்கும் அந்த எண்ணம் படிப்பிலும் தொற்றிக்கொள்கிறது. அந்தப் பிள்ளையிடமே கணக்கு நோட்டைக் கொடுங்கள். நல்ல பாதுகாப்பு இருந்தும் பத்து முறை போல எல்லாரும் தோற்றிருப்பதை, தன் கையால் எழுதியே அது தெரிந்துகொள்ளட்டும்.