ஆரம்ப இடையீடும் வீட்டின் அன்றாடமும்: மாநாட்டுத் தலைமை உரை



பிறந்தது முதல் ஆறு வயதுக்குள் ஒரு குழந்தையிடம் வளர்ச்சித் தாமதமோ குறைபாடோ தென்பட்டால், மூளை விரைந்து வளரும் அப்பருவத்திலேயே மருத்துவத்தையும் பயிற்சியையும் தொடங்கிவிடுவது ஆரம்ப இடையீடு எனப்படும். 2013இல் தொடங்கப்பெற்ற தேசிய சிறார் நலத் திட்டம், அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதித்து, தேவைப்படுவோரை மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களுக்கு அனுப்ப வழிவகுத்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றிருந்த 7 வகைக் குறைபாடுகளை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21ஆக விரித்தது. கண்டறியும் ஏற்பாடு இவ்வாறு வளர்ந்த அளவுக்கு, கண்டறிந்தபின் குழந்தையின் குடும்பத்தால் அன்றாடம் எவ்வளவு சுமக்க இயலும் என்னும் ஆராய்ச்சி வளரவில்லை.

சென்னை மதுரம் நாராயணன் மையத்தின் உபநயன் பயிற்சிமுறை, தாயையும் குழந்தையோடு அமர்த்திக் கற்பிப்பதன் பயனை நெடுங்காலமாகக் காட்டிவருகிறது. அதன் சிறப்பில் ஐயமில்லை. ஆயினும் தாயின் பங்கேற்பு என்பது, பிற இடங்களில், தாயை ஊதியமில்லாப் பயிற்றுநராக்குவதாகத் திரிந்துவிடுவதும் உண்டு. முக்கால் மணிநேரப் பயிற்சிக்காக இரண்டு பேருந்து மாறிவரும் தாய் அன்றைய கூலியை இழக்கிறாள். அவள் இருமுறை வராவிட்டால், அந்தப் பேருந்தில் ஒருநாளும் ஏறியிராத ஒருவர், அக்கறையற்ற பெற்றோர் என்று கோப்பில் எழுதிவிடுகிறார்.

ஆய்க்குடியில் 1981இல் தோன்றிய அமர் சேவா சங்கம் கிராமப் பணியாளர்களை வீடுகளுக்கே அனுப்பும் முறையை வளர்த்திருப்பது இங்குக் கருதத்தக்கது. வீட்டுக்குச் செல்பவர் கண்ணில்தான் வீட்டின் வழக்கங்கள் படும். மூளை முடக்குவாதம், அதாவது வளரும் மூளைக்கு நேர்ந்த பாதிப்பால் உடலசைவு தடைபடும் நிலை, உள்ள குழந்தைகள் பலருக்குத் தொடைத்தசைகள் இறுகிக் கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொள்ளும். இடுப்பு மூட்டைப் பரிசோதித்த இயன்முறை மருத்துவர் இசைந்தால், நம் தாய்மார் வழக்கம்போலக் கால்களை அகட்டி இடுப்பில் வைத்துத் தூக்குவதே அவ்விறுக்கத்தைத் தளர்த்த உதவும்; தண்ணீர்க்குழாய்க்குப் போய்வரும் நேரமும் பயிற்சியில் சேர்ந்துவிடும். மறுபுறம், மடியில் மல்லாத்திக் கிடத்திச் சோறூட்டும் வழக்கம் புரையேறச் செய்யும் என்பதால், நிமிர்த்தி அமர்த்தித் தலையைச் சற்றே முன்சாய்த்து ஊட்டும் முறையைத் தாய்க்கு மட்டுமன்றிப் பாட்டிக்கும் தந்தைக்கும் கற்பித்தாக வேண்டும். ஊட்டும் வேலை மூவருக்கும் பகிரப்படுவதே பெரிய ஆதரவு.

கடுமையான பாதிப்புடையோர்க்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் மாத உதவித்தொகை 2023 முதல் 2,000 ரூபாயாக உயர்ந்தது வரவேற்கத்தக்கதே. வேலையைக் கைவிட்ட ஒரு தாயின் வருவாயை அது ஈடுசெய்யாது.

பிற்பகல் அமர்வு பரிசீலிக்கவிருக்கும் மதிப்பீட்டுப் படிவங்கள் குழந்தை பெற்ற திறன்களை மட்டுமே எண்ணுகின்றன. தாய் உறங்கிய நேரம், அவள் வேலைக்குப் போன நாள்கள், உடன்பிறந்த குழந்தைக்குக் கிடைத்த கவனம் ஆகியவற்றுக்கும் இடம் ஒதுக்கிய பின்னரே அப்படிவங்களை இறுதிசெய்யுமாறு அவ்வமர்வினரைத் தலைமை கேட்டுக்கொள்கிறது.