டெலீட் ஆன படம் எங்க போகுது?

எனக்கு ராத்திரியில வர்ற போன்கள்ல நிறைய இதுதான்: "அண்ணா, அக்கா கல்யாண போட்டோ மொத்தமும் டெலீட் ஆயிடுச்சு, ரீசைக்கிள் பின்லயும் இல்ல." நான் முதல்ல சொல்றது, கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணு.

ஹார்ட் டிஸ்க்ல டெலீட்னா படத்தை அழிக்கிறது இல்ல. 'இந்த இடம் காலி'ன்னு குறிச்சு வைக்கிறது மட்டும்தான். அது மேல வேற எதுவும் எழுதப்படாத வரைக்கும் படம் அங்கேயேதான் இருக்கும். ஆனா பதட்டத்துல பலர் ரெகவரி சாஃப்ட்வேரையே அதே டிஸ்க்ல இன்ஸ்டால் பண்ணிடுறாங்க. தடயம் தேட வந்தவரே தடயத்தை மிதிச்ச மாதிரி!

டிஸ்க்கைக் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டி ஃபோட்டோரெக் ஓட்டுங்க. இலவசம்தான். ஃபைல் பேரெல்லாம் போயிடும், படம் வரும். வர்றதை வேற டிஸ்க்ல சேமிங்க.

எஸ்எஸ்டின்னா நான் நம்பிக்கை கொடுக்கிறதில்ல. 'ட்ரிம்'னு ஒரு கட்டளை, டெலீட் ஆனதை இனி வெச்சிருக்க வேண்டாம்னு டிரைவுக்கே சொல்லிடும். அதுக்கப்புறம் கடைக்காரர் எவ்வளவு கேட்டாலும் யோசிச்சுக் கொடுங்க.