படிக்கப் போகும் அக்காமாருக்குக் கைகொடுப்போம்
(மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாதாரண தரம் சித்தியடையாமல் மலையேறிய நம் பெண்கள் சிலர், பிள்ளைகள் வளர்ந்தபின் மறுபடி படிக்கிறார்கள். தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் பரீட்சை எழுதலாம். 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே படிக்கலாம். வழி இருக்கிறது. ஆனாலும் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

கொழுந்து நிறுத்து, விறகு தேடி, சமைத்து முடித்துப் புத்தகத்தைத் திறக்க இரவு ஒன்பது மணியாகிறது. வகுப்பு நாளில் பேர் போய்விடும். பஸ் காசும் வேண்டும். இதையெல்லாம் தாங்கிக்கொள்கிறார்கள். "இந்த வயசில என்னா படிப்பு?" என்று நிறுவையிடத்தில் நாம் சிரிப்பதைத்தான் தாங்க முடிவதில்லை. நானும் சிரித்தவள்தான்.

வீட்டுக்காரர்மாரே, வகுப்பு நாளில் சோறு நீங்கள் ஆக்குங்கள். பக்கத்துக் காம்பராவில் இருப்பவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். தலைவர்மார் பரீட்சை நேரசூசியோடு போய், லீவுக்குத் துரையிடம் முன்கூட்டியே பேசவேண்டும்.

இன்னொன்று. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று நம்மில் எத்தனை பேர்! விண்ணப்பிக்கும் நேரத்தில் அலையாமல், இரண்டையும் இந்தக் கிழமையே சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள்.