வீட்டு வாசல் வரை வந்த வைத்தியம்
(ஜூபிலி விழாவையொட்டி நடந்த பங்கு மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பள்ளிக்கரணையில் இருக்கும் நமக்குச் 'சானடோரியம்' என்றால் தாம்பரத்துக்கு முந்தைய ரயில் நிலையம். 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளருக்காக அங்கே தொடங்கிய மருத்துவமனையால் வந்த பெயர் அது. அந்நாளில் இந்நோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு, இவையே வைத்தியம். ஆகவே நோயாளரை வீட்டாரிடமிருந்து பிரித்து மாதக்கணக்கில் படுக்க வைத்தார்கள். சம்பாதிக்கிறவர் படுத்துவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரிவது ஏது?

மருந்துகள் வந்த பின்னும் படுக்கைகள் போதவில்லை. இந்நிலையில் 1956-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுவே. நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியம் ஒன்றிலும் மறு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். முடிவு 1959-இல் வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் குறைவுதான். ஆனாலும் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே குணமடைந்தார்கள். அவர்களோடு இருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவுமில்லை. சானடோரியக் காலம் உலகெங்கும் முடிவுக்கு வர இது ஒரு பெரிய காரணம். மருத்துவர்களைப் புகழ்கிறோம், சரி. கதவைத் திறந்துவிட்ட அந்த ஏழைக் குடும்பங்களை யார் நினைக்கிறார்கள்?

அப்படியானால் உணவு முக்கியமில்லையா என்று கேட்பீர்கள். அப்படிக் கொள்வது தவறு. ஜார்க்கண்டில் நடந்த மற்றொரு ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. நோயாளரின் வீட்டாருக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தபோது, அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 39 விழுக்காடு குறைந்தது. மருந்து நோயாளரைக் குணமாக்குகிறது. வயிறார உண்ட உடலோ நோயை வாசலிலேயே தடுக்கிறது.

இனி நம் பங்கைப் பற்றிச் சொல்கிறோம். நம் தெருக்களில் இந்த நோயை இன்றும் மறைக்கிறார்கள். பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார் என்று பயம். பயத்தில் நியாயமில்லாமலும் இல்லை. ஆனால் தொற்று பெரும்பாலும் பரவுவது நோய் கண்டறியப்படுவதற்கு முன்புதான். மருந்து உண்பவரை ஒதுக்குவதால் யாருக்கு என்ன லாபம்? இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம்.

உணவு கொடுக்க வழியும் இருக்கிறது. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய 'நிக்ஷய் மித்ரா' ஏற்பாட்டில் தனி ஆளோ சங்கமோ காசநோயாளருக்கு மாதாமாதம் உணவுப் பொருள் தரப் பொறுப்பேற்கலாம். இளைஞர் மன்றமும் மாதர் சங்கமும் சேர்ந்து நம் பங்கின் சார்பில் பதிவு செய்தால் என்ன? கொடுப்பதை நோயாளரோடு நிறுத்தாமல், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடுப்போம். யாருக்குக் கொடுக்கிறோம் என்ற பெயர் மட்டும் கோவில் முற்றத்தில் பேச்சாகக் கூடாது. மாதம் ஐந்து கிலோ அரிசி தரக்கூடியவர்கள் இன்று பூசை முடிந்ததும் நற்கருணை வீரர் சபைப் பிள்ளைகளிடம் உள்ள நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.